மதகோரத்துப் படிகள்

பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள். நேற்றுத் தளம் போட்டார்கள். இன்று விடிந்ததும் சாக்கை நனைத்து அதன் மேல் விரித்துவிட்டார்கள். வாசல் கூட்டப் போனவள், அந்த ஈரச் சிமெண்ட் வாசம் மூக்கில் ஏறியதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். தெருவுக்கு ஒரு வீடு எழும்புகிற ஊரில் சிமெண்ட் வாசத்துக்குப் பயந்தால் எங்கே குடியிருப்பது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பட்டறைக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்றேன்.

நங்கையா, எனக்கு அது மதகோரத்துப் படியின் வாசம். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்த நாளிலிருந்து இப்படிக் கூப்பிட்டே பழகின வாய் இது. ஆள் போன பிறகும் நிறுத்தமாட்டேன் என்கிறது. உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அதைப் போடவே விடவில்லை நீங்கள். “செரி உடு அம்மணி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். இப்போது எழுந்து போக முடியாதல்லவா, உட்கார்ந்து கேளுங்கள்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனபோது உறவு மொத்தமும் திரண்டு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் ஒரு பக்கம் கோணியபடி படுத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் “சோறு உண்டீங்களா” என்று கேட்டீர்கள். வாய் பிறகு நேரானது. கை பாதி வந்தது. கால்தான் முழுதாகத் திரும்பவில்லை. சமதரையாகப் பார்த்துத் தினமும் நடக்க வேண்டும், நடையை விட்டால் கால் நம்மை விட்டுவிடும் என்றார் டாக்டர். பெரியநாயக்கன்பாளையத்தில் நடக்கச் சமதரைக்கு எங்கே போவது? ரோட்டுக்கு வந்தால் மேட்டுப்பாளையம் பஸ் காதைக் கிழித்துக்கொண்டு போகிறது. தெருவுக்குள் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்றுகொண்டு “இப்ப எப்படீங்க இருக்குது?” என்று கேட்கிறார். நீங்கள் நின்று, சிரித்து, “நெம்பத் தேவலைங்க” என்று சொல்லி, அவர்கள் வீட்டு மருமகளையும் விசாரித்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

அதனால்தான் உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்து அணைக்குப் போனேன். அது பெரிய அணை ஒன்றும் இல்லை. மலையிலிருந்து வரும் தண்ணீரைத் தேக்கி நிறுத்த ஒரு மண் கரை. கரை மேல் கிராவல் கொட்டிச் சமன் செய்த நடைபாதை. காலையில் நடைச் சங்கத்துக்காரர்கள் கையை வீசி வீசி அதில் போவார்கள். கரை முடிகிற இடத்தில் மதகு. மதகைத் தாண்டினால், மாடும் மனிதர்களும் நடந்து நடந்தே உண்டான ஒரு மண் சரிவு, நீளமாக, அவசரமே இல்லாமல் இறங்கும். அதில் இறங்கிவிட்டால் காப்புக்காட்டுக்குள் தண்ணீர் ஓரமாகவே ஒரு பாதை. வனத்துறை அங்கே மயில் படம் போட்ட பலகை ஒன்றை நட்டு, இயற்கை நடைபாதை என்று எழுதி வைத்திருந்தது. கல்லும் இல்லை, மேடும் இல்லை. நடை பழகுகிற குழந்தையைக்கூட விடலாம். உசிலும் வேலமும் மூங்கிலும் நிழல் கட்டி நிற்க, கடைசியில் ஒரு வேங்கை மரத்தடிப் பாறையில் போய் முடியும். அங்கே உட்கார்ந்துவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

முதல் நாள் சரிவில் என் தோளைப் பிடித்து இறங்கினீர்கள். மூங்கில் புதரைத் தாண்டியதும் நின்று திரும்பிப் பார்த்தீர்கள். கரை மறைந்துவிட்டிருந்தது. முன்னாலும் யாரும் இல்லை. “அய்யோ சாமீ, வலிக்குதே” என்று ஒரு கத்தல் கத்தினீர்கள். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த நீர்க்காகம் எழுந்து பறந்தேபோய்விட்டது. நான் பதறிக் கையைப் பிடிக்க வந்தேன். தட்டிவிட்டு, உங்கள் இடது காலைக் குனிந்து பார்த்து, “சனியம் புடிச்ச காலே, நடந்து தொலையேன்” என்றீர்கள். இத்தனை வருடத்தில் உங்கள் வாயிலிருந்து ஒரு வசவு விழுந்து நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து உங்களுக்கும் வந்தது.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். மூங்கிலைத் தாண்டினால் நீங்கள் வேறு ஆள். அண்ணன் உங்களைக் குழந்தை மாதிரி அதட்டுவது, உங்கள் மருமகள் ஃபோனில் உங்களைப் பற்றித் தன் அம்மாவிடம் சொல்வது, கழிவறைக்குப் போக ஒருத்தரை எழுப்பக் கூச்சப்பட்டுச் சுவரைப் பிடித்தபடியே நின்றது, எல்லாம் அங்கே வெளியே வந்தது. வழியில் மயில் நின்றால் அதற்கும் வசவு விழும். படம் எடுக்கிற பிள்ளைகள் போன பிறகு, “எங்கப்பன் சோளக்காட்டுல பாதி இதுகதான் தின்னு தீத்துச்சு, இதுக்கு ஒரு பலகை வேற” என்பீர்கள். நான் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டு வருவேன். என்னைப் பேசவிடாமல் செய்த ஒரே ஆள் நீங்கள்தான்.

திரும்பி வந்து சரிவில் ஏறிக் கரையைத் தொடும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வீர்கள். எதிரே வருகிற முதல் ஆள் “நல்லா இருக்கீங்களாங்க?” என்றால் “நல்லாருக்கறேனுங்க” என்பீர்கள். பார்க்க எனக்கு ஆத்திரமாக இருக்கும். ஆனால் நிழலில் கொட்டித் தீர்த்துவிட்டு வந்த முகம் அது என்று எனக்குத் தெரியும் என்பதால் பொறுத்துக்கொண்டேன். கால் கூட நன்றாகத்தான் தேறிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் தரையில் இழுபடுவது நின்றிருந்தது.

அப்போதுதான் சங்கத் தலைவர் உங்கள் வீட்டுக்கு வந்தார். பம்ப்செட் கம்பெனி வைத்திருந்து, மகனிடம் கொடுத்துவிட்டு, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவர். கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்ல முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். மழைக்கு மண் சரிவு அரித்துப் போகிறது, வழுக்குகிறது, அதை எடுத்துவிட்டு நல்ல படிகளாகக் கட்டிவிடலாம் என்று இருக்கிறோம், தினமும் அந்த வழியில் போகிறவர் நீங்கள், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்யக்கூடாது என்று வந்தோம் என்றார்.

“உங்களுக்குச் சிரமம் ஒண்ணுமில்லீங்களே?”

நான் வாயைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்தவுடனேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. “அம்மணி, உள்ள டப்பாவுல முறுக்கு இருக்குது பாரு, ஒரு தட்டத்துல எடுத்துட்டு வா” என்றீர்கள். நான் நகரவில்லை. “போ கண்ணு” என்றீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவளைக் கண்ணு என்று கூப்பிட்டு வீட்டுக்கு வந்த ஒறம்பரை முன்னால் அடுப்படிக்கு விரட்டினால் என்ன செய்வது? போனேன். டப்பாவைத் திறந்து முறுக்கை எடுக்கும்போது உங்கள் குரல் கேட்டது.

“எனக்கென்னங்க சிரமம்? நாலு பேருக்கு நல்லதுன்னா தாராளமாப் பண்ணுங்க.”

அவர்கள் போனதும் நான் குதித்தேன். ஏறி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன காலை வைத்துக்கொண்டு படி கட்டச் சொல்கிறீர்களே, புத்தி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். பழத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து சாவகாசமாகச் சொன்னீர்கள்.

“ஊடு தேடி வந்து, மரியாதையா உக்காந்து கேக்கறவங்ககிட்ட ஆகாதுன்னு சொல்லச் சொல்றயா? அது நம்ம வழக்கமில்லே அம்மணி.”

“அப்ப நா போயிச் சொல்றேன்.”

“நீ சொன்னா நாஞ் சொல்லச் சொன்ன மாதிரி ஆயிரும். என்ற தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு.”

வேண்டாம் என்று திமிறின என் கையைப் பிடித்து, வலுவிருந்த ஒரு கையாலேயே உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். பக்கவாதக்காரி தலையில் கையை வைத்த பிறகு வாயைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த ஒரு சத்தியத்தை வாங்கும்போது மட்டும் உங்களிடம் கொஞ்சம்கூட மரியாதை இல்லை, நங்கையா.

வேலை ஆரம்பித்ததும் மதகுக்கு முன்னால் கயிறு கட்டிவிட்டார்கள். நாம் கரை மேலேயே நடந்தோம். நிழல் கிடையாது, எதிரே வருகிறவர்கள் எல்லாம் நின்று விசாரித்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள். கயிறுவரை போய் நின்று, கீழே தெரிகிற மூங்கிலைப் பார்ப்பீர்கள். கட்டின படிகளின் மேல் ஈரச் சாக்கு கிடக்கும். அந்த வாசம் காற்றில் வரும். “நல்லாத்தான் கட்டறாங்க” என்பீர்கள். உங்களை அங்கேயே விட்டுவிட்டுக் காருக்குப் போய்விடலாமா என்று இருக்கும் எனக்கு.

திறப்பு நாளன்று வாழை கட்டியிருந்தார்கள். வயதிலும் மரியாதையிலும் மூத்தவர் நீங்கள்தான், முதலில் நீங்கள்தான் இறங்க வேண்டும் என்று தலைவர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். உங்களுக்கு அதுவும் சரிதான். படிகள் செங்குத்தாக இருந்தன. பளபளக்கிற இரும்புக் கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். இறங்கும்போது வலது கைக்கு வருகிற பக்கம். அதைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, ஒவ்வொன்றாக இறங்கினீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஃபோட்டோ எடுத்தார்கள். அந்த ஃபோட்டோ இன்னமும் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் முகப்புப் படமாக இருக்கிறது, நான் அந்தக் குழுவை விட்டு விலகி வந்துவிட்டேன்.

மேலே பொங்கலும் வடையும் கொடுக்கிறார்கள் என்று கூட்டம் திரும்ப ஏறியபோதுதான் நீங்கள் நின்றீர்கள். ஏறும்போது கைப்பிடி இடது கைக்கு வந்தது. அந்தக் கைக்கு ஒரு டம்ளரைப் பிடிக்கிற வலுக்கூட வந்திருக்கவில்லை. என்னங்க, வரலீங்களா என்று மேலேயிருந்து கூப்பிட்டார்கள். “நீங்க போயி உண்ணுங்க, நா இவளோட சித்த காத்தாட இருந்துட்டு வாரேனுங்க” என்றீர்கள். அவர்களும் போய்விட்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள், நீங்கள்தான் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்களே.

நான் தாங்கிக்கொள்கிறேன் என்று முயன்று பார்த்தோம். சில படி ஏறியதும் கால் மடங்கி என் மேல் சாய்ந்துவிட்டீர்கள். ஆட்களைக் கூப்பிடுகிறேன், நாற்காலியில் வைத்துத் தூக்கிவிடுவார்கள் என்றேன். என் புடவையைப் பிடித்து இழுத்து, “அந்த அசிங்கத்துக்கு இந்தத் தண்ணிலயே உளுந்துருவேன்” என்றீர்கள். உங்களைக் கீழ்ப் படியில் உட்காரவைத்துவிட்டு மேலே ஓடி, காரை எடுத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வனத்துறை ஜீப் போகிற வழிக்குப் போனேன். அது வெளியாட்களுக்குத் திறக்கிற வழி இல்லை. காவலருக்கு விஷயத்தைச் சொன்னதும், “யானை நடமாட்டம் இருக்குதுங்க, இன்னைக்கு மட்டும் உடறேன், சீக்கிரம் வந்துருங்க” என்று தடுப்பைத் தூக்கினார்.

வேங்கை மரத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. கத்துவீர்கள், என்னையாவது திட்டுவீர்கள், அந்தத் தலைவரைத் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கரை மேல் சிரிப்பீர்களே, அதே சிரிப்பை என்னிடம் சிரித்தீர்கள்.

“உனக்குத்தான் சிரமம் அம்மணி. இனி இங்கெல்லாம் வர வேண்டாம்” என்றீர்கள்.

அவ்வளவுதான். அதன் பிறகு எங்கே கூப்பிட்டாலும் வரவில்லை. கொஞ்ச நாள் வீட்டுக்குள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வந்தீர்கள். மருமகள் வேலையாக இருந்தால் அதுவும் இடைஞ்சல் என்று நிறுத்திக்கொண்டீர்கள். கட்டைவிரல் மறுபடி தரையில் இழுபட்டது. நான் வரும்போதெல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “காப்பி குடிச்சயா?” என்று கேட்டீர்கள். காட்டுக்குள் சொல்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள், யாரையாவது திட்டுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டுக் கெஞ்சினேன். “சொல்றதுக்கு என்ன இருக்குது அம்மணி, எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க” என்றீர்கள். ஐப்பசி அடைமழையில் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோக முடியவில்லை.

படியில் விழுந்து உயிர் போயிருந்தால் ஊர் பேசியிருக்கும், கட்டினவர்கள் பயந்திருப்பார்கள். நீங்கள் அந்த வாய்ப்பைக்கூட யாருக்கும் தரவில்லை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும், கடைசிவரைக்கும் சிரித்த முகம், ஒருத்தருக்கும் பாரமில்லாமல் போய்விட்டார் என்றார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாரமாக இருந்திருக்கலாம் நீங்கள். நான் சுமந்திருப்பேன். அண்ணனும் முணுமுணுத்துக்கொண்டே சுமந்திருப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தலைவர் மறுபடி உங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியோடு, பழத்தோடு, அதே மரியாதையோடு. அண்ணன் எனக்கு ஃபோன் செய்து வரச் சொன்னார். காப்பி குடித்து முடித்ததும் தலைவர் சொன்னார்: மதகோரத்துப் படியின் தலைமாட்டில் கல் பதித்து உங்கள் பெயரைப் பொறிக்கப் போகிறார்களாம். முதலில் இறங்கினவர் நீங்கள்தானே.

அண்ணன் கண் கலங்கி, “தாராளமாச் செய்யுங்க” என்றார். தலைவர் ஒரு மரியாதைக்கு என் பக்கம் திரும்பினார்.

“அம்மணிக்கு ஆட்சேபணை ஒண்ணுமில்லீங்களே?”

“இருக்குதுங்க” என்றேன். உங்கள் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் உங்களோடு தீர்ந்துபோயிற்று என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். “அந்தப் படி வந்த நாளோட அவங்க நடை நின்னு போச்சுங்க. நீங்கெல்லாம் வடை திங்கப் போனப்ப அவங்களால ஏற முடியாம கீழயே உக்காந்திருந்தாங்க. காட்டைச் சுத்திக் கார்ல கூட்டிட்டு வந்தேன். அவங்க பேர அதுல வெக்காதீங்க.”

“அம்மணி!” என்றார் அண்ணன். தலைவரின் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தலைவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“நாங்க ஊடு தேடி வந்து கேட்டமேங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே சரிவாப் போட்டிருப்பமேங்க.”

“ஊடு தேடி வந்ததனாலதானுங்க அவங்களால சொல்ல முடியலே.”

அவருக்கு அது புரிந்தது. நம் ஆள்தானே, புரியாமல் போகுமா? இப்ப என்னங்க செய்யோணும் என்றார். படிக்குப் பக்கத்திலேயே பழையபடி ஒரு சரிவு வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு என்றேன்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “போனவ போயிட்டா. இனி யாருக்குச் சரிவு வேணும்?” என்று கேட்டார்.

“எனக்கு வேணும்ங்க” என்றேன்.

என் கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் எனக்கு என்றுதான் சொன்னேன். அந்தச் சங்கத்தில் இன்னும் எத்தனை பேர் முட்டி வலிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக அந்தப் படியில் ஏறுகிறார்களோ, ஒருவரும் வாயைத் திறக்கப் போவதில்லை. எனக்கு வேணும் என்று ஒரு சொல், அதைச் சொன்னால் வானம் இடிந்து விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே நீங்கள் போய்விட்டீர்கள். விழவில்லை, நங்கையா. தலைவரின் மனைவி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கல் பதிக்கும் பேச்சு நின்றுவிட்டது. அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். பேசாமலே இருக்கட்டும். நீங்கள் பேசாமல் இருந்ததைவிட அது ஒன்றும் எனக்குப் பெரிதில்லை. தலைவர் கிளம்பும்போது கைகூப்பி, “செரிங்க, பண்ணிப்போடலாமுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நம் பக்கத்தில் அதற்குச் செய்வேன் என்று அர்த்தமா, இத்தோடு விட்டுவிடுங்கள் என்று அர்த்தமா, சாமிக்குத்தான் தெரியும்.

இந்த மாதம் பார்ப்பேன். ஒன்றும் நடக்கவில்லை என்றால் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, ஒரு சீப்புப் பழத்தோடு அவர் வீடு தேடிப் போவேன். மரியாதையாக உட்கார்ந்து, அவர் மருமகளை விசாரித்து, கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்பேன். வீடு தேடி வந்தவளிடம் ஆகாது என்று சொல்ல அவருக்கும் வாய் வராது. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.